பி.டி. வகுப்பு யாருக்குச் சாதகம்?

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992-இல் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்றொரு திட்டம் தொடங்கியது. உயரத்துக்கு ஏற்ற எடையைத் தாண்டிய பிள்ளைகளைப் பள்ளி தனியே பிரித்தெடுக்கும். பள்ளி தொடங்குவதற்கு முன்போ, இடைவேளையிலோ, பள்ளி விட்ட பிறகோ அவர்கள் கூடுதலாக உடற்பயிற்சி செய்ய வேண்டும். என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று அறிவுரையும் கிடைக்கும். மாணவர்களின் எடையையும் உடற்தகுதியையும் கணக்கிட்டுப் பள்ளிகளுக்கே விருது உண்டு என்பதால் தலைமையாசிரியர்களுக்கும் இதில் அக்கறை இருந்தது. மற்றவர்கள் கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிடும்போது இவர்கள் மட்டும் ஓடுவது எல்லோர் கண்ணிலும் படும். திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தை (TAF) திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று வரும் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துக் கேலிக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் திட்டம் தோற்கவில்லை. எடை கூடிய மாணவர்கள் 1990-களின் தொடக்கத்தில் சுமார் 12 விழுக்காடு இருந்தார்கள். 2006-இல் அது 10-க்குக் கீழே வந்தது. அப்படியிருந்தும் 2007-இல் கல்வி அமைச்சு அதைக் கைவிட்டு, எல்லா மாணவர்களையும் சேர்த்துப் பார்க்கும் வேறொரு உடல்நலத் திட்டத்துக்கு மாறியது. கேலியும் ஒதுக்கலும், பட்டினி கிடந்தாவது இளைக்க வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் வளர்கிறதோ என்ற அச்சமும் அந்தப் பதினைந்து ஆண்டுகளும் பேசப்பட்டவைதான்.

இன்னொன்று அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சிங்கப்பூரின் 2010 தேசியச் சுகாதார ஆய்வில், உடல்பருமன் உள்ள பெரியவர்கள் மலாய்க்காரர்களில் 24 விழுக்காடு, இந்தியர்களில் 17, சீனர்களில் 8. அங்கே இந்தியர் என்றால் பாதிக்கு மேல் தமிழர்கள். பிள்ளைகளிடமும் இந்தச் சாய்வில் கொஞ்சம் இருந்திருந்தால், இடைவேளையில் ஓடவைக்கப்பட்டவர்களில் எந்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பங்குக்கு மேல் இருந்திருப்பார்கள்? நான் செய்வது ஊகம்தான். ஆனால் இப்படி ஒரு கேள்வி எழும் என்பதே திட்டம் தீட்டியவர்கள் மனத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. எடைக்கு அளவுகோல் ஒன்றுதான், எல்லோருக்கும் ஒரே விதிதான், அதனால் இதில் பாகுபாடு எங்கே என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

அந்த 'ஒரே விதி' உண்மையில் யாருக்கு என்ன செய்கிறது என்று கேட்பதற்கென்றே ஒரு ஆய்வுத்துறை இருக்கிறது. பள்ளி உடற்கல்வியையும் உடல்நலக் கல்வியையும் சமூகநீதியின் கண்ணால் பார்க்கும் விமர்சன ஆய்வு என்று அதைச் சொல்லலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், ஸ்வீடன், நார்வே ஆகிய நாடுகளில்தான் அதற்கு வேர் ஆழம். 1980-கள் வரை உடற்கல்வி ஆய்வு என்றால் இதயத்துடிப்பு, தசை வலிமை, பந்தை எப்படிப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ரிச்சர்ட் டின்னிங், டேவிட் கிர்க், ஜான் எவன்ஸ் போன்றவர்கள் வந்து வேறு மாதிரிக் கேட்டார்கள். எந்த விளையாட்டைப் பாடமாக வைப்பது என்று யார் முடிவு செய்தார்கள்? நல்ல உடல் என்று இந்த வகுப்பு எதைக் காட்டுகிறது? தோற்பவர்கள் தொடர்ந்து ஒரே சமூகப் பிரிவிலிருந்து வந்தால் அது தற்செயலா?

இவர்களுக்குக் கைகொடுத்த கருத்து ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது. ராபர்ட் கிராஃபோர்ட் 1980-இல் எழுதிய ஒரு கட்டுரையில் 'ஹெல்த்திஸம்' என்ற போக்கை விவரித்தார். உடல்நலத்தை வாழ்க்கையின் தலையாய மதிப்பாக ஆக்குவது, பிறகு அதை முழுக்கத் தனிமனிதர் பொறுப்பில் விடுவது. நோய் வந்தால் நீ ஒழுங்காக இல்லை என்று பொருள். சம்பளம், வீடு, தெரு, வேலைநேரம் எல்லாம் கணக்கிலிருந்து நழுவிவிடும். கிராஃபோர்ட் மனத்தில் இருந்தவர்கள் நடுத்தர வர்க்கப் பெரியவர்கள். உடற்கல்வி ஆய்வாளர்கள் அதை எடுத்துவந்து பத்து வயதுப் பிள்ளை மேல் வைத்துப் பார்த்தார்கள். தன் வீட்டில் என்ன சமைப்பது என்பதைக்கூடத் தீர்மானிக்க முடியாத பிள்ளையிடம், உன் உடல் உன் பொறுப்பு என்று சொல்வதில் இருக்கும் அபத்தம் அப்போது பளிச்சென்று தெரிந்தது.

இந்த ஆய்வாளர்கள் உடற்பயிற்சிக்கு எதிரிகள் என்று அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஓடுவது நல்லதா கெட்டதா என்பது அவர்கள் வழக்கே இல்லை. குற்றத்தை யார் தலையில் சுமத்துகிறோம் என்பதுதான் வழக்கு.

வழக்கு பழையது. 1899-இல் பிரிட்டன் தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் எடுத்தபோது மான்செஸ்டர் போன்ற தொழில் நகரங்களில் படையில் சேர வந்த இளைஞர்களில் பெரும்பாலோர் உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆலைப் புகையிலும் அரைவயிற்றிலும் வளர்ந்தவர்கள். பேரரசுக்கு இது அதிர்ச்சி. பதிலாக 1902-இல் வந்தது ஏழைப் பிள்ளைகள் படித்த தொடக்கப் பள்ளிகளுக்கான மாதிரி உடற்பயிற்சித் திட்டம். அது ராணுவ டிரில்லேதான். துப்பாக்கிக்குப் பதில் கையில் ஒரு கம்பு. அதே காலத்தில் ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரப் பள்ளிகளில் கிரிக்கெட்டும் கால்பந்தும் நடந்துகொண்டிருந்தன. தலைமை தாங்கப் போகிறவனுக்கு விளையாட்டு, கீழ்ப்படியப் போகிறவனுக்கு டிரில். இதை மறைக்கவேண்டும் என்றுகூட அன்று யாரும் நினைக்கவில்லை.

அந்த 1902 திட்டத்துக்கு எதிர்ப்புக் கிளம்பி இரண்டே ஆண்டில் மாற்றப்பட்டது. பிறகு 1906-இல் பள்ளிச் சாப்பாட்டுச் சட்டமும், 1907-இல் பள்ளிகளில் மருத்துவச் சோதனையும் வந்தன. பிள்ளையின் மெலிந்த உடலுக்குப் பதில் சாப்பாடா, ஒழுக்கமா என்ற இழுபறி அப்போதே தொடங்கிவிட்டது. இன்று மெலிந்த உடலின் இடத்தில் பருத்த உடல் வந்து நிற்கிறது. இழுபறி அப்படியே இருக்கிறது.

இங்கிலாந்தில் 2006 வாக்கில் தேசியக் குழந்தை எடை அளவீடு தொடங்கியது. தொடக்கப் பள்ளியில் சேரும் நான்கைந்து வயதுப் பிள்ளைகளையும், முடிக்கும் பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளையும் ஆண்டுதோறும் உயரம் பார்த்து எடை போடுகிறார்கள். பல ஊர்களில் பெற்றோருக்குக் கடிதமும் போகிறது. நாடு தழுவிய கணக்கு ஆண்டுதோறும் ஒன்றையே சொல்கிறது. மிக வறிய பகுதிகளில் பருமனான பிள்ளைகளின் விகிதம், மிக வசதியான பகுதிகளில் உள்ளதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதாவது இது ஊரைப் பற்றிய தகவல், தெருவைப் பற்றிய தகவல். கடிதம் மட்டும் வீட்டு முகவரிக்குப் போகிறது. நகரசபைக்கோ, வேலை கொடுப்பவருக்கோ, அந்தத் தெருவில் பச்சைக் காய்கறி விற்காத கடைக்கோ அப்படி ஒரு கடிதம் போவதில்லை.

சரி, கடிதத்தால் பிள்ளைக்கு நன்மை உண்டென்றால் போகட்டுமே என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலம் 2003-இலேயே சட்டம் போட்டு மாணவர்களின் பி.எம்.ஐ. அளவை, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் எடை அளவை, பெற்றோருக்கு அனுப்பத் தொடங்கியது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இது பலன் தருகிறதா என்பதைக் கலிஃபோர்னியாவில் முறையாகச் சோதித்தார்கள். 79 பள்ளிகள், ஏறத்தாழ 29,000 மாணவர்கள். ஒரு பிரிவுக்கு எடை பார்த்து வீட்டுக்குத் தகவல். இன்னொரு பிரிவுக்கு எடை பார்ப்பதோடு சரி. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. கிறிஸ்டின் மேட்சன் தலைமையிலான குழு 2021-இல் முடிவை வெளியிட்டது. வீட்டுக்குத் தகவல் அனுப்பியதால் பிள்ளைகளின் பி.எம்.ஐ. மாறவில்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் எடை பற்றிய மனநிறைவுதான் குறைந்திருந்தது. இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பாலானவை சில வகுப்பறைகளை உற்றுப் பார்ப்பவை. அவற்றை 'வெறும் கதை' என்று தள்ளுபவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சோதனையைத்தான்.

மன நிறைவு குறைந்தால் என்ன பெரிய நட்டம் என்பவர்களுக்கு எவன்ஸ், எம்மா ரிச் ஆகியோர் இங்கிலாந்தில் செய்த ஆய்வு பதில். உண்ண மறுக்கும் நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண்களிடம் அவர்கள் நீண்ட நாள் பேசினார்கள். 2008-இல் புத்தகமாக வந்தது. அந்தப் பெண்கள் பள்ளியை எளிதில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஆனால் அளவிடு, ஒப்பிடு, இன்னும் முயற்சி செய் என்று பாடத்திலும் உடலிலும் ஒரே நேரத்தில் பள்ளி கேட்டதை அவர்கள் விவரித்தார்கள். பள்ளி சொன்னதைச் சிரத்தையாகக் கேட்ட நல்ல மாணவிகள் அவர்கள். அடங்காப்பிடாரிகள் எடைப் பாடத்தைக் காதில் வாங்காமல் தப்பித்துவிடுகிறார்கள். அகப்பட்டுக்கொள்வது கீழ்ப்படிகிற பிள்ளைதான்.

இதே நேரத்தில் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கார்டும் ஜான் ரைட்டும் 2005-இல் உடல்பருமன் 'கொள்ளைநோய்' என்ற பேச்சையே கேள்விக்குள்ளாக்கிப் புத்தகம் எழுதினார்கள். அறிவியல் சொல்வது கொஞ்சம், அதன் மேல் ஏற்றப்படும் ஒழுக்கத் தீர்ப்பு மிகுதி என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. சர்க்கரை நோய் ஏழைப் பகுதிகளை எப்படித் தின்கிறது என்று பார்த்தவர்களுக்கு, எடை பற்றிய கவலை எல்லாமே ஊதிப் பெருக்கியது என்பது சொகுசான வாதமாகப் படும். சிங்கப்பூரிலேயே பழைய திட்டம் போன பின் எடை கூடிய பிள்ளைகளின் விகிதம் மறுபடி ஏறியது. அதற்காகப் பழைய திட்டம் சரி என்றாகிவிடாது. புதியதும் போதவில்லை என்றுதான் ஆகிறது. ஒழுக்கத் தீர்ப்பை எதிர்க்கும் வேகத்தில் நோயையே மறந்துவிடும் ஆபத்து இந்தத் துறையில் உண்டு.

எடை ஒருபுறம் இருக்கட்டும். மதிப்பெண்ணுக்கு வருவோம். ஸ்வீடனில் உடற்கல்வி 1994 பாடத்திட்டத்திலிருந்து 'விளையாட்டும் உடல்நலமும்' என்ற பெயரில் நடக்கிறது. கணக்கு, மொழி போல அதற்கும் தரம் போடுகிறார்கள்; அந்தத் தரம் மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கணக்கில் வரும். 1980 பாடத்திட்டத்திலிருந்து பையன்களும் பெண்களும் சேர்ந்தே படிக்கிறார்கள். உலகத்திலேயே பாலினச் சமத்துவத்துக்குப் பெயர்போன நாடு. அங்கே மற்றப் பாடங்களில் எல்லாம் பெண்கள் முன்னால் இருக்க, இந்த ஒரு பாடத்தில் நீண்ட காலமாகப் பையன்கள் முன்னால். வகுப்பில் அதிகம் நடப்பது பந்து விளையாட்டு. ஆசிரியர்களோ இளமையில் விளையாட்டு கிளப்பில் வளர்ந்தவர்கள். கிளப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு வகுப்பிலும் நல்ல தரம் வருகிறது. கிளப் என்றால் கட்டணம், காலணி, வாரக் கடைசியில் காரில் கொண்டுபோய்விடப் பெற்றோர். பள்ளி தான் கற்றுக்கொடுத்ததற்குத் தரம் போடுகிறதா, பெற்றோர் வெளியே வாங்கிக்கொடுத்ததற்கா? கிளாஸ் அன்னர்ஸ்டெட், ஸ்டஃபான் லார்சன் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஆசிரியர்களிடம் எப்படித் தரம் போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். எழுதிவைத்த அளவுகோலைவிடத் தங்கள் மனத்தில் இருந்த ஒரு சித்திரத்தைத்தான் பலர் நம்பியிருந்தார்கள்.

நீச்சல் இன்னும் தெளிவான உதாரணம். ஸ்வீடனில் ஆறாம் வகுப்பில் இந்தப் பாடத்தில் தேற 200 மீட்டர் நீந்த வேண்டும், அதில் 50 மீட்டர் மல்லாந்து. ஏரிகள் நிறைந்த நாட்டில் உயிர் காக்கும் திறமை இது, அதில் சந்தேகமில்லை. கோடைக் குடிலும் ஏரிக்கரையும் உள்ள குடும்பத்துப் பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே நீந்தப் பழகியிருக்கும். சோமாலியாவிலிருந்தோ சிரியாவிலிருந்தோ பெற்றோருடன் வந்து நகரின் ஓரத்தில் அடுக்குமாடியில் குடியிருக்கும் பிள்ளைக்கு, நீச்சல் குளம் என்பதே பள்ளி அழைத்துப்போகும் சில நாள்தான். அளவுகோல் ஒன்றுதான், 200 மீட்டர்தான். விமர்சன ஆய்வாளர்கள் யாரும் நீச்சலை நீக்கச் சொல்லவில்லை. தேறாத பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் குளத்தில் இடம் கொடுத்தாய், அதன் பிறகு தரம் போடு என்கிறார்கள்.

ஸ்வீடனின் லார்ஸ்-மாக்னஸ் எங்ஸ்த்ரோம் செய்த வேலை இவை எல்லாவற்றிலும் பொறுமையானது. 1968-இல் பதினைந்து வயதாக இருந்த சுமார் 2,000 பேரை எடுத்துக்கொண்டு 38 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஐம்பதைத் தாண்டிய வயதிலும் உடற்பயிற்சி செய்பவர் யார்? பதினைந்து வயதில் மிக அதிகமாக விளையாடியவர்களே என்று நாம் எதிர்பார்ப்போம். அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. பல வகை அசைவுகளையும் விளையாட்டுகளையும் இளமையில் ருசி பார்த்திருந்தவர்களும், குடும்பத்தில் கல்வியும் பண்பாட்டு வசதியும் இருந்தவர்களும்தான் நீடித்தார்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் போர்தியூ சொன்ன பண்பாட்டு மூலதனம், அதாவது குடும்பத்திலிருந்து கைமாறும் அறிவும் ரசனையும் பழக்கமும், காலைநேர ஓட்டத்திலும் வேலை செய்கிறது. பதினைந்து வயதில் ஒரே விளையாட்டில் பதக்கம் வாங்கவைக்கும் பள்ளி, ஐம்பது வயதுக்கு அவனுக்கு எதுவும் கொடுத்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

நியூசிலாந்து விஷயம் இவற்றைவிடச் சிக்கலானது. அங்கே காலனி அரசு 1867-இல் சட்டம் போட்டு அந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரி மக்களின் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகளை அமைத்தது. ஆங்கிலமும் கைத்தொழிலும் அங்கே முக்கியம். இதற்கு விலக்காக ஹாக்ஸ் பே பகுதியில் டே ஆட்டே என்ற மவோரி ஆண்கள் பள்ளி லத்தீனும் அல்ஜீப்ராவும் நடத்தி மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அங்கே படித்த அபிரானா ங்காட்டா 1890-களின் முற்பகுதியில் பட்டம் பெற்றார். நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் மவோரி அவர்தான். இதைக் கண்டு மகிழ வேண்டிய கல்வித் துறை கவலைப்பட்டது. 1906-இல் அமைந்த விசாரணைக் குழு அந்தப் பள்ளி விவசாயத்தையும் கைவேலையையும் முன்னிறுத்த வேண்டும் என்றது. மவோரி ஆய்வாளர் பிரெண்டன் ஹோகோஃபிட்டு இந்த வரலாற்றைத் தோண்டியெடுத்து ஒரு வாதத்தை வைக்கிறார். மவோரி ஆண் 'இயல்பிலேயே' உடல்வலிமை மிக்கவன், விளையாட்டுக்குப் பிறந்தவன் என்று இன்று பாராட்டாகச் சொல்லப்படுவது, அன்று அவனை அறிவுத் துறைகளிலிருந்து வெளியே தள்ளியதன் தொடர்ச்சி. ரக்பி திடலில் அவனுக்குக் கைதட்டுகிற அதே சமூகம், வகுப்பறையில் அவனிடம் எதிர்பார்ப்பு வைப்பதில்லை.

அப்படியென்றால் மவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளை உடற்கல்வியிலிருந்து விலக்கிக் கணக்குப் பக்கம் தள்ள வேண்டுமா? இங்கேதான் கேட்டி ஃபிட்ஸ்பாட்ரிக்கின் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. தெற்கு ஆக்லாந்து, வேலைக்காரர்களும் குடியேறிகளும் வாழும் பகுதி. அங்கே ஒரு பள்ளியில் ஓராண்டுக்கு மேல் இருந்து அவர் எழுதிய புத்தகம் 2013-இல் வந்தது. பிள்ளைகள் தங்கள் பகுதியைப் பற்றி வெளியுலகம் சொல்வதை நன்கு அறிந்திருந்தார்கள். உடற்கல்வி வகுப்பு அவர்கள் மதிப்புப் பெற்ற இடம், நட்பும் சிரிப்பும் இருந்த இடம். அதேநேரம் பல்கலைக்கழகம் போக உதவும் 'கனமான' பாடமாக ஊர் அதை எண்ணவில்லை. அந்த வகுப்பின் ஆசிரியர், பிள்ளைகளோடு உறவை முதலில் கட்டி, தன் அதிகாரத்தைக் கொஞ்சம் கீழே வைத்து, பிறகு இனம், பாலினம், உடல் பற்றிய கேள்விகளை அவர்களே கேட்கும்படி செய்தார். ஒரே வகுப்பறை பிள்ளைகளை ஒடுக்கவும் செய்கிறது, அவர்களுக்கு மூச்சுவிட இடமும் தருகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் எழுதியதுதான் அந்தப் புத்தகத்தின் பலம்.

நியூசிலாந்தின் பாடத்திட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. 1999-இல் வந்த உடல்நல, உடற்கல்விப் பாடத்திட்டம் 'ஹவோரா' என்ற மவோரிக் கருத்தை அடித்தளமாக வைத்தது. மவோரி மனநல மருத்துவர் மேசன் ட்யூரி 1980-களில் முன்வைத்த மாதிரி அது. உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கு சுவர்கள் உள்ள வீடு. ஒன்று சாய்ந்தால் வீடு நிற்காது. ஒருவரின் நலம் அவர் வாழும் சூழலோடு சேர்ந்தது, அந்தச் சூழலை மாற்றப் பிள்ளைகள் ஒன்றுகூடிச் செயல்பட வேண்டும் என்றும் அந்தத் திட்டம் எழுதியே வைத்தது. காகிதத்தில் இதைவிட முற்போக்கான உடற்கல்வி ஆவணம் அரிது. வகுப்பறையில்? லிசெட் பரோஸ், ஜான் ரைட் ஆகியோர், நாடளாவிய கல்விக் கணிப்பில் நான்காம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உடல்நலம் பற்றித் தந்த பதில்களைப் படித்துப் பார்த்தார்கள். ஆன்மாவும் குடும்பமும் அதிகம் தலைகாட்டவில்லை. கொழுப்பு, எடை, உடற்பயிற்சி, சாப்பாடு இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. நான்கு சுவர் வீட்டைப் பாடத்திட்டம் கட்டியது. பிள்ளைகள் ஒரே சுவரைத்தான் பார்த்திருந்தார்கள். ஹோகோஃபிட்டு போன்றவர்களுக்கு வேறு ஒரு மனத்தாங்கலும் உண்டு. மவோரி மண்ணிலிருந்தும் மொழியிலிருந்தும் கருத்தைப் பிய்த்தெடுத்துப் பொதுப் பாடமாக்கும்போது, ஆன்மா என்பது 'தனிப்பட்ட மதிப்பீடுகள்' என்று சுருங்கிப்போகிறது.

அந்த ஒற்றைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வெளியாட்களும் வந்தார்கள். டேரன் பவல் என்ற ஆய்வாளர் நியூசிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் நிறுவனங்கள் இலவசமாகக் கொடுக்கும் உடல்நலப் பாடப்பொருள்களைப் பின்தொடர்ந்தார். நெஸ்லே நிறுவனத்தின் பெயரில் ஆரோக்கியப் பாடம் இருந்தது. மெக்டொனால்ட்ஸும் பள்ளிப் பிள்ளைகளுக்கான திட்டங்களில் இருந்தது. இவற்றின் அடிநாதம் ஒன்று: சரியாகத் தேர்ந்தெடு, சமநிலையாகச் சாப்பிடு, நிறைய ஓடு. விற்பவரைப் பற்றியோ விளம்பரத்தைப் பற்றியோ பேச்சில்லை. கிராஃபோர்ட் 1980-இல் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கேட்டாலும் கிடைக்காது. உடற்கல்விப் பயிற்சி குறைந்த தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இலவசமாக வரும் வண்ணப் புத்தகம் வரப்பிரசாதம்தான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தத் துறை மேல் எனக்குள்ள பெரிய குறை இங்கே வருகிறது. முப்பது ஆண்டுகள் நோய் என்ன என்று சொல்வதிலேயே போய்விட்டது. ஆசிரியர் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நாற்பது பிள்ளைகளுடன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், ஆய்வுக் கட்டுரைகளில் பதில் மெலிந்துதான் இருந்தது. மாற்றம் அண்மைக் காலத்தில்தான் தெரிகிறது. அமெரிக்க, மெக்சிகோ எல்லைப் பகுதியில் கிம்பர்லி ஆலிவரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளோடு வேலை செய்தார்கள். வியர்ப்பது, நகம் உடைவது, தலைமுடி கலைவது இவை எல்லாம் பெண்ணுக்கு அழகில்லை என்று அந்தப் பிள்ளைகள் விளையாட்டை ஒதுக்கினார்கள். கூடவே, பையன்கள் எங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்றும் சொன்னார்கள். ஆய்வாளர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் விரும்பும் வகையில் புதிய விளையாட்டுகளை உருவாக்கினார்கள். உருவான விளையாட்டுகளில் ஓட்டமும் இருந்தது. பையன்கள் சேர்த்துக்கொள்ளாததை அவர்களே கவனித்துக் குறித்து ஆராயவும் தொடங்கினார்கள். பெண் என்றால் இப்படித்தான் என்ற எண்ணத்தை இது உடைத்ததா, அதற்கு வளைந்துகொடுத்ததா என்று துறைக்குள்ளேயே வாதம் உண்டு. விளையாடினார்கள் என்பது என் பார்வையில் பெரிய விஷயம்.

ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகம், நார்வேயின் இன்லான்ட் பல்கலைக்கழகம், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த குழுவும் இதே திசையில் போனது. யோரன் ஜெர்டின், ராட் ஃபில்பாட், வெய்ன் ஸ்மித் முதலியோர், சமூகநீதியை வகுப்பில் கொண்டுவர ஏற்கெனவே முயலும் ஆசிரியர்களைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். பிறகு, நீங்கள் அந்தக் கணத்தில் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். மூன்று வகை வேலைகள் தென்பட்டன. பிள்ளைகளோடு நல்லுறவு வளர்ப்பது ஒன்று. ஒருவரை ஒருவர் சார்ந்து ஒற்றுமையாக இயங்க வைப்பது இன்னொன்று. மூன்றாவது, ஏற்றத்தாழ்வையே பாடமாக எடுத்து, அதற்கு எதிராக ஏதாவது செய்யவைப்பது. முதல் இரண்டையும் கேட்டதும் எந்த நல்ல ஆசிரியரும் 'இதைத்தானே நான் செய்கிறேன்' என்பார். அது உண்மைதான். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் அன்பான வகுப்பு ஒன்று கிடைக்கும், நீச்சல் குளத்தின் நேரம் யாருக்கு என்ற கேள்வி கிடைக்காது. மூன்றாவதுதான் கடினம், அதில்தான் தலைமையாசிரியர் கூப்பிட்டு விசாரிப்பார்.

இந்தியாவிலிருந்து இவற்றைப் படிக்கும்போது ஓர் இடறல் உண்டு. இந்த ஆய்வுகள் எல்லாம் வகுப்பு நடக்கிறது என்று எடுத்துக்கொண்டு பேசுபவை. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கி நூறாண்டு தாண்டிவிட்டது. பள்ளி என்றால் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள நடுநிலைப் பள்ளிக்கு உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரையும் சொல்கிறது. திடலும் ஆளும் இருக்கும் பள்ளியிலும் பத்தாம் வகுப்பு வந்தால் பி.டி. பீரியட் கணக்குக்குப் போய்விடும். காசு கொடுத்து அகாடமியில் கிரிக்கெட் பழகும் பிள்ளைக்கு அதனால் நட்டமில்லை. பள்ளித் திடலைத் தவிர வேறு திடலே இல்லாத பிள்ளைக்குத்தான் அந்தப் பீரியட் போகிறது. எங்ஸ்த்ரோம் சொன்ன பல வகை ருசி அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காது.

கடைசியாக அரசியல். ஃபிட்ஸ்பாட்ரிக் நியூசிலாந்து அரசுக்காக உறவு, பாலியல் கல்வி வழிகாட்டியை எழுதியவர்களில் முன்னணியானவர். 2020-இல் அதன் புதுப்பித்த வடிவம் வந்தது. அங்கே பாலியல் கல்வி உடல்நல, உடற்கல்விப் பாடத்தின் ஒரு பகுதி. 2023 நவம்பரில் தேசியக் கட்சியும் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சியும் செய்துகொண்ட கூட்டணி ஒப்பந்தத்தில், பாடத்திட்டம் கருத்தியலைவிட்டுப் படிப்பில் கவனம் செலுத்த வேண்டும், இந்த வழிகாட்டியை நீக்கி மாற்ற வேண்டும் என்று எழுதப்பட்டது. 2025-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. உடற்கல்வி பொதுவானது, அரசியல் கலக்காதது என்று விமர்சன ஆய்வாளர்களிடம் இத்தனை ஆண்டுகளாக வாதிட்டவர்கள், அந்தப் பாடத்தில் எது இருக்கலாம் எது கூடாது என்பதை ஒரு தேர்தல் முடிந்த கையோடு கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதவேண்டி வந்தது.